அரைப் பாகை கூடுதல்

பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் தகரம் வேய்ந்த கொட்டில். ஏழு மாதச் சினைப்பசு. மூத்திரம் பிளேன்டீ நிறத்தில் போனது. மடியிலும் வாலடியிலும் உண்ணி. தெர்மாமீட்டர் 41 பாகையைத் தாண்டியது. நல்ல மாட்டுக்கு 38.5ஐச் சுற்றித்தான் நிற்கும். உண்ணிக்காய்ச்சல்தான். மாட்டு வைத்தியராக வேலைக்குச் சேர்ந்து ஆறே மாதம் எனக்கு. ஊசி போட்டேன், மறுநாள் சூடு இறங்கியது, பெருமை தாங்கவில்லை. கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வந்த அக்கா ஒன்றுதான் கேட்டார்: "உள்ள கன்னு எப்படி இருக்குங்கய்யா?"

நான் அளந்தது தாயின் சூட்டை மட்டும். வயிற்றுக்குள் இருப்பதற்கு அதைவிட அரைப் பாகை கூடுதல். அதற்கு மூச்சிரைக்கவோ நிழலுக்கு ஒதுங்கவோ வழியில்லை. தன் சூட்டைப் பெரும்பாலும் நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் இரத்தத்தில்தான் இறக்க வேண்டும். தாயே கொதித்தால் எங்கே இறக்கும்? போதாததற்கு, உடலே சுரந்து காய்ச்சலை ஏற்றும் புரோஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருள் வகையறாதான் கருப்பையையும் சுருக்குவது. கன்று விழாமல் தங்கியதில் என் கைராசி கொஞ்சம்தான்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. செம்மறியாடுகளில் ஈனும் தறுவாயில் காய்ச்சல் சரியாக எழுவதில்லை என்று 1978இல் ஓர் ஆய்வு வந்தது. அதைப் படித்ததிலிருந்து, நிறைசினை மாடு சோர்ந்து நின்றால் "சூடு இல்லை" என்று பையைத் தூக்குவதில்லை. மடியைத் தொட்டுப் பார்ப்பேன், அசைபோடுகிறதா என்று கொஞ்ச நேரம் நிற்பேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பசு ஈன்றது. காய்ச்சலோடு போராடித் தாய் சேர்த்த எதிர்ப்புப் பொருள் எதுவும் மாட்டின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கன்றுக்குப் போவதில்லை. அத்தனையும் சீம்பாலில் இருக்கிறது. கன்றின் குடலோ ஒரு நாளுக்குள் அந்தக் கதவைச் சாத்திவிடும்; முதல் சில மணி நேரமே பொன்னான நேரம். லயத்திலோ சீம்பாலென்றால் சீனியும் ஏலக்காயும் போட்டு அவித்து, வீட்டுக்கு வீடு கிண்ணம் போகும். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கன்று குடித்த பிறகு கறந்துகொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.

போனபோது கன்று எழுந்து நின்று முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. அக்கா ஒரு கிண்ணத்தை நீட்டினார். நான் தயங்கியதைப் பார்த்துச் சிரித்தார்.

"சாப்பிடுங்கய்யா. இது மூணாவது கறவை."