ராட்டினமும் ஏற்றமும்: ஏழாம் வகுப்பு நாட்குறிப்பு

ஜூலை 8

எளிய எந்திரங்கள் பாடம் இன்று தொடங்கியது. நெம்புகோல் என்றால் என்ன என்று கேட்டால் வகுப்பே ஒப்பிக்கிறது. புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த கத்தரிக்கோல், பாக்குவெட்டி, சப்பாத்தி இடுக்கி மூன்றையும் பரப்பினேன். ஆதாரப்புள்ளி (நெம்புகோல் ஊன்றித் திரும்பும் இடம்), பளு, கை அழுத்தும் இடம் மூன்றையும் சாக்பீஸால் குறிக்க வேண்டும். கத்தரிக்கோலில் ஆதாரம் நடுவில், பாக்குவெட்டியில் பாக்கு நடுவில். சீக்கிரம் முடிந்தது. இடுக்கியில்தான் சண்டை. அதில் கை நடுவில் அழுத்துகிறது. "நுனியில கிடைக்கிறதைவிட நாம கூடுதலா அழுத்தறோமே, இது எப்படி டீச்சர் எந்திரம்?" என்று ஒரு பெண் கேட்டாள். பக்கத்திலிருந்தவன் சொன்னான்: "கை கொஞ்சம் அசைஞ்சா நுனி நிறைய அசையுதுல்ல."

பாடத்தின் உயிரே அந்தப் பதில்தான். விசையில் விட்டதைத் தூரத்தில் பிடிக்கலாம், தூரத்தில் விட்டதை விசையில் பிடிக்கலாம். இரண்டையும் சேர்த்துத் தரும் எந்திரம் கிடையாது.

ஜூலை 11

வேப்பமரக் கிளையில் கப்பி கட்டினோம். 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலைச் சுருள்வில் தராசில் தொங்கவிட்டால் ஏறக்குறைய 20 நியூட்டன். கப்பி வழியாக இழுத்தால் 22. "அப்போ கிணத்துல எதுக்கு டீச்சர் ராட்டினம்?" என்று கேட்டவன் கையிலேயே கயிற்றைக் கொடுத்தேன். கீழ்நோக்கி இழுக்கும்போது உடம்பின் எடையையும் சேர்த்துப் போடலாம் என்று அவனே சொல்லிவிட்டான்.

அப்புறம் கயிற்றின் ஒரு முனையைக் கிளையில் கட்டி, கப்பியைப் பாட்டிலோடு சேர்த்துத் தொங்கவிட்டோம். பாதியாகும், 10 வரும் என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். வந்தது 12. தராசு கெட்டுப்போச்சு என்றார்கள். கப்பிக்கும் எடை உண்டு, அச்சில் உராய்வும் உண்டு என்று பேசிப் பேசி வந்துசேர அரைமணி நேரம் ஆனது. தையல் மிஷின் எண்ணெய் விட்டதும் முள் கொஞ்சம் இறங்கியது. அந்தக் கூச்சலைக் கேட்டுப் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது. பாட்டில் ஒரு மீட்டர் ஏற இரண்டு மீட்டர் கயிறு இழுக்க வேண்டியிருந்ததையும் அளந்தார்கள்.

12 வந்தால் 12 என்றுதான் நோட்டில் எழுத வேண்டும். புத்தகத்துக்காக 10 என்று எழுதப் பழகிய பிள்ளைக்கு உராய்வு கடைசிவரை புரியாது.

ஜூலை 16

ஒரு பையனின் தாத்தா வந்து ஏற்றம் இறைத்த கதையைச் சொன்னார். தூணின் மேல் ஏறி இறங்கும் நீண்ட துலாமரத்தின் மேல் ஆள் கிணற்றுப் பக்கம் நடந்தால், தண்ணீர் மொள்ளும் சால் இறங்கும், பின்பக்கம் நடந்தால் நிறைந்த சால் ஏறும். கீழே நிற்பவர் சாலைப் பிடித்துக் கவிழ்ப்பார். எண்ணிக்கை தவறாமல் இருக்கப் பாட்டு. பிள்ளைகள் ஸ்கேலைப் பென்சில் மேல் வைத்து, அழிப்பானை முன்னும் பின்னும் நகர்த்தி அதையே செய்துபார்த்தார்கள். எடை மாறவில்லை, ஆதாரத்திலிருந்து தூரம்தான் மாறுகிறது. பாடநூலில் ஏற்றத்துக்கு ஒரு முழுப் பக்கமே கொடுக்கலாம்.

ஜூலை 23

இந்த வாரம் அவர்களே ஒன்றைச் செய்ய வேண்டும். யாருக்குப் பயன்படும் என்று முதலில் சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. ஒரு குழு சத்துணவுக்கூடத்துக்குப் போய்விட்டது. கஞ்சி வடிக்க அண்டாவைச் சாய்க்கும்போது சமையல் அக்காவுக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறதாம். அட்டைப்பெட்டியும் மூங்கில் குச்சியும் வைத்து, சாயும் தாங்கி ஒன்றின் மாதிரியைச் செய்துவிட்டார்கள். கைப்பிடிக் கம்பு நீளமானால் பாரம் குறைகிறது, சரி. ஆனால் சமையலறையை அளந்தால் கம்பு சுவரில் இடிக்கிறது! கம்பைக் குட்டையாக்கி, நுனியில் கயிறு கட்டிக் கப்பி வழியாக இழுக்கலாம் என்று ஒருத்தி வரைந்துகாட்டினாள். இழுக்க வேண்டிய கயிற்றின் நீளத்தையும் ஓரத்தில் குறித்திருந்தாள், நான் கேட்காமலே.

சூடான கஞ்சியில் சோதிக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நாளைக்குப் பழைய வாளியில் பச்சைத் தண்ணீர் ஊற்றித்தான் முதல் சோதனை. சமையல் அக்காவும் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.