54வது நாள்: சோனு கைக்கு வந்துவிட்டாள்

இன்று காலை 6.50-க்கு எங்கள் கிளி சோனு என் இடது மணிக்கட்டில் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றாள். மனசுக்குள் எண்ணினேன், ஒன்பது வரைக்கும் வந்தது. ஒரு சூரியகாந்தி விதையை உடைத்துத் தின்றாள், தொலியை என் சட்டைக் கையில் போட்டாள், பிறகு தானாகவே திரும்பி ஸ்டாண்டுக்கு நடந்து போய்விட்டாள். கடி இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு படபடவென்றுதான் இருக்கிறது.

சோனு சன் கான்யூர் (தென் அமெரிக்கச் சின்னக் கிளி வகை), மூன்று வயது, டிஎன்ஏ பரிசோதனைச் சீட்டுப்படி பெண். எங்கள் வீடு அவளுக்கு மூன்றாவது வீடு. கடைசியாக வைத்திருந்தவர்கள் வெளிநாடு கிளம்பும் அவசரத்தில் இருந்தார்கள். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் அவர்கள் பதிவு செய்து வைத்திருந்ததால், பறவை கைமாறுவதையும் அதிலேயே தெரிவித்துவிட்டுத்தான் கூட்டி வந்தேன். (2024-ல் வந்த விதிப்படி கான்யூர் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இது கட்டாயம். பேப்பர் இல்லாமல் கொடுத்தால் வாங்காதீர்கள். நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைப்பதோ 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படியே குற்றம்.) "நல்லா டேம் ஆன பேர்டுங்க, கொஞ்சம் கடிக்கும், அவ்வளவுதான்" என்றார்கள். கூண்டோடு சேர்த்து ஒரு தடித்த அடுப்படிக் கையுறையையும் கொடுத்தார்கள். அந்தக் கையுறை எதற்கு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

முதல் வாரத்தில் ஏழு இடத்தில் ரத்தம் வந்தது. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதையைப் பிடித்து, கீழ் அலகை அரைக்கிற மாதிரி இரண்டு முறை நகர்த்தினாள் பாருங்கள், அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. மூன்றாம் நாள் பயந்துபோய் நானும் அந்தக் கையுறையை மாட்டினேன். அதைப் பார்த்ததுமே வீல் என்று கத்திக்கொண்டு, குச்சியிலிருந்து கூண்டின் தரையில் விழுந்து, மூலையில் வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கினாள். இரண்டு வீட்டிலும் அவளை எப்படிப் பிடித்துத் தூக்கினார்கள் என்று அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. கையுறை அன்றைக்கே குப்பைக்குப் போய்விட்டது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பறவை பார்க்கிற டாக்டரிடம் காட்டினோம். வலியோ நோயோ இல்லை, எடை 112 கிராம். ஒரு பக்கச் சிறகை மட்டும் வெட்டியிருந்தார்கள். பறந்து தப்பிக்க வழியில்லாத பறவை வேறு என்ன செய்யும், கடிக்கத்தான் செய்யும். கூண்டுக்குள் இருந்த தேங்காய்ச் சிரட்டைக் கூட்டை எடுத்துவிட்டேன். பெண் பறவைக்கு அது முட்டையிடும் இடம், அதைக் காப்பதற்கே பாதிக் கடி. டிவி ஓடுகிற ஹாலிலிருந்து கூண்டைப் பின்னறைக்கு மாற்றி, இரவு ஏழு மணிக்கெல்லாம் துணி போட்டு மூடினேன். பதினோரு மணி நேரத் தூக்கம் கிடைக்க ஆரம்பித்த நாலாவது நாளே கத்தல் குறைந்தது. கடி மட்டும் குறையவில்லை.

"முன்னறிவிப்பே இல்லாமல் கடிக்கிறாள்" என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணைப் பார், கருமணி சுருங்கிச் சுருங்கி விரிந்தால் கையை எடு என்று எல்லோரும் சொல்வார்கள். அமேசான், மக்கா மாதிரிப் பெரிய கிளிகளுக்கு அது சரி. சன் கான்யூருக்குக் கண் அடர் பழுப்பு, அந்த நிறத்தில் கருமணி ஆடுவதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது எனக்கு முடியவே இல்லை. பத்தாவது நாள் செல்போனை ஸ்டாண்டில் நிறுத்தி ஸ்லோமோஷனில் பிடித்தேன். அந்த வீடியோவை இருபது தடவையாவது பார்த்திருப்பேன். கடிப்பதற்கு முன்னால் மூன்று விஷயம் நடக்கிறது. மென்றுகொண்டிருந்த அலகு அப்படியே நின்றுபோகிறது. பிடரி இறகு தலையோடு ஒட்டிப் படிகிறது, அதனால் தலை திடீரென்று சின்னதாகத் தெரிகிறது. உடல் எடை பின்னுக்குச் சாய்கிறது. மூன்றும் சேர்ந்து அரை விநாடிகூட இல்லை. அதற்குப் பிறகுதான் கழுத்து நீள்கிறது.

பாவம், அவள் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் கடித்திருக்கிறாள். மூன்று வருடமாக யாரும் அதைக் கேட்காததால் சொல்வதை அரை விநாடியாகச் சுருக்கிக்கொண்டிருக்கிறாள்.

"கடித்தால் கையை எடுக்காதே, எடுத்தால் கடிதான் வழி என்று கற்றுக்கொள்ளும்" என்று பழைய ஆட்கள் சொல்வதில் எனக்கு மறுப்பு கிடையாது. ஆனால் கடிக்கிற வரைக்கும் ஏன் போக வேண்டும் என்பதுதான் என் கேள்வி. அலகு நின்ற கணத்திலேயே கையை நிறுத்தி ஒரு சாண் பின்னால் எடுத்துவிட்டால், "வேண்டாம்" என்று லேசாகச் சொன்னாலே போதும் என்று அது கற்றுக்கொள்கிறது. இரண்டு வாரம் வேறு எதுவுமே செய்யவில்லை. நிறுத்து, பின்வாங்கு, அவ்வளவுதான். மூன்றாவது வாரம் அந்த அரை விநாடி இரண்டு விநாடி ஆனது. பிடரியைப் படிய வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. தப்பித்தவறிக் கடித்தால் கையை மெதுவாக ஸ்டாண்டின் மட்டத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, சத்தம் காட்டாமல் திரும்பிக்கொள்வேன். அலகில் சுண்டுவது, முகத்தில் ஊதுவது, தண்ணீர் தெளிப்பது, கையை ஆட்டித் தடுமாற வைப்பது, இந்த நாலையும் இன்னும் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பயந்து கடிக்கிற பறவைக்கு இன்னொரு பயத்தைத்தான் கொடுக்கிறோம்.

இனி குச்சி. குச்சி நுனியை அலகால் தொட்டால் ஒரு விதை என்கிற பயிற்சியை இங்கே எல்லோரும் செய்திருப்பீர்கள். நான் முதலில் எடுத்தது ஈர்க்குச்சி. அது வளைகிறது, நுனி ஆடுகிறது, ஆடினால் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஐஸ் குச்சி குட்டையாக இருந்ததால் கை கிட்டத்தில் வந்துவிட்டது. கடைசியில் சரியாக அமைந்தது ஹோட்டல் பார்சலில் வந்த மூங்கில் சாப்ஸ்டிக்தான். அதிலும் இரண்டைச் சேர்த்து நூலால் கட்டி முழ நீளம் ஆக்கினேன். அதில் விரற்கடைக்கு ஒரு கோடு மார்க்கரால் போட்டேன். ஒவ்வொரு நாளும் பிடியைச் சில கோடு மட்டும் முன்னால் நகர்த்துவது என்று திட்டம். காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஐந்தே நிமிடம். சூரியகாந்தி விதையைத் தட்டிலிருந்து முழுக்க எடுத்துவிட்டு இந்த ஐந்து நிமிடத்துக்கு மட்டும் வைத்தேன். (பட்டினி போடவில்லை. தினமும் சமையல் தராசில் எடை பார்க்கிறேன், 110-க்குக் கீழே ஒருநாளும் இறங்கியதில்லை.)

கோடு கோடாக நன்றாகத்தான் நகர்ந்தது. நாலு விரற்கடைக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. பதினோரு நாள் அதே கோடு. அதைத் தாண்டினால் பிடரி படிந்துவிடும். விதையை மாற்றினேன், நேரத்தை மாற்றினேன், குச்சியைக்கூட மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை.

விடை வந்தது என் மாமியாரிடமிருந்து. கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏங் கண்ணு, கோழிக்குஞ்ச எடுக்கறப்ப மேல இருந்து கைய உடுவாங்களா? பருந்துன்னு நெனச்சுக்கும். கீழ இருந்துதான் ஏந்தோணும்" என்றார். பல்லடம் பக்கம் தோட்டத்தில் நாற்பது வருடம் கோழி வளர்த்தவர். வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். குச்சி கிடைமட்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைப் பிடித்த என் கை அவள் தலைக்கு மேலே நிற்கிறது. அதோடு மற்ற மூன்று விரலும் அவளை நோக்கி நீட்டியபடி!

மறுநாள் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டேன். இடது கையை முஷ்டியாக மடக்கி, கட்டைவிரலை உள்ளே விட்டு, புறங்கை மேலே தெரியும்படி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தேன், அவள் நெஞ்சு மட்டத்துக்குக் கீழே. அந்தக் கை நகரவே நகராது. வலது கையில் இருக்கிற குச்சி முஷ்டிக்கு அந்தப் பக்கம் நீளும். வர வேண்டுமானால் அவளே வரட்டும். நாலாவது நாள் ஒரு காலைத் தூக்கி மணிக்கட்டில் வைத்தாள், எடுத்துக்கொண்டாள், மறுபடி வைத்தாள். அந்தக் கால் சூடு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஏறுவதற்கு முன் கிளி அலகால் கையைப் பிடித்துப் பார்க்கும். அலகு அதற்கு மூன்றாவது கால், கிளை தாங்குமா என்று பார்க்கிறது. வாய் திறந்து வரும்போது நமக்குக் கடி மாதிரியே தெரியும், கையை வெடுக்கென்று இழுத்துவிடுவோம். கிளை ஆடிவிட்டது, இனி நம்பாது. எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்றால், சோதிக்க வரும் அலகு மெதுவாக வரும், நாக்கு முதலில் படும், பிடரி இறகு தளர்வாக இருக்கும். கடிக்க வரும் அலகுக்கு முன்னால் உடல் பின்னுக்குப் போயிருக்கும். கையை இழுக்காமல் பழக, பல் துலக்கும் பிரஷ்ஷால் என் புறங்கையை நானே தட்டித் தட்டிப் பழகினேன்.

நடுவில் ஒரு சறுக்கல். 45வது நாள் நல்ல ஆழமான கடி. பிடரி, அலகு எல்லாம் சரியாக இருந்தும் ஏன் என்று புரியவில்லை. பிறகுதான் உறைத்தது, முந்தின நாள் நாத்தனார் வளைகாப்புக்கு இரண்டு கையிலும் மருதாணி வைத்திருந்தேன். அவளுக்கு அது வேறு யாருடைய கையோ. நிறம் மங்குகிற வரைக்கும் நாலு கோடு பின்னுக்குப் போய் மறுபடி குச்சியிலிருந்து வந்தேன். வளையல், மோதிரம், நெயில் பாலிஷ் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

விதைக்கு அடுத்தபடியாக அவளுக்கு உயிர் தினைக் கதிர். கடையில் இறக்குமதிக் கதிர் என்று பாக்கெட்டில் விற்கிற விலைக்கு மனசு வரவில்லை, அதுவும் இதே தினைதான். கொல்லிமலை பக்கம் தெரிந்த ஒருவரிடம் அறுவடையில் உதிர்க்காத கதிராகக் கட்டு கட்டிக் கொடுக்கச் சொல்லி வாங்கினேன். வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் வண்டு வராது. தினைப்புனத்தில் கிளி விரட்டுவதற்குச் சங்கப் பாடல்களில் 'கிளி கடிதல்' என்றே பெயர், தட்டை, குளிர், தழல் என்று அதற்கென்று கருவிகளே இருந்தன. அதே தினையைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஒரு கிளியை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்த தடவை வாங்கும்போது கூடவே கொய்யாக் கிளையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஸ்டாண்டில் இருக்கிற உருட்டுக் கட்டை ஒரே தடிமன், கால் அடிப்பாகம் சிவக்கிறது.

வெளியே தூக்கிப் போகிற கேரியர் பெட்டிக்குள் தானாகப் போவது, தராசில் தானாக ஏறுவது, வெட்டிய சிறகு உதிர்ந்து புதிது முளைத்ததும் கூப்பிட்டால் பறந்து வருவது என்று ஒரு பெரிய பட்டியலே போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் கூண்டுக்குள் கையை விட்டால் இன்றைக்கும் கடிதான். தண்ணீர்க் கிண்ணத்தை வெளியிலிருந்தே திருப்பி எடுக்கிற மாதிரிச் சின்னக் கதவு வைக்க வெல்டிங் கடையில் அளவு கொடுத்திருக்கிறேன், சனிக்கிழமை தருவதாகச் சொன்னார்கள். வலது கைக்கும் இன்னும் வரவில்லை. நாளைக் காலை மறுபடி இடது கைதான், ஐந்து எண்ணுவதற்குள் நானே இறக்கிவிடப் போகிறேன்.