இயைபுச் சொற்களின் வழியே ஆங்கிலம்

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் குழந்தைக்கு அகரவரிசைப் பட்டியலைவிட, ஒரே ஈற்றொலி கொண்ட சிறு சொற்களையே முதலில் கொடுக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். கிங் என்றால் அரசன், விங் என்றால் சிறகு, சிங் என்றால் பாடு, ஸ்விங் என்றால் ஊஞ்சல். ஈற்றில் நிற்கும் 3 எழுத்துகளும் மாறாதிருக்க, முன்னால் வருவது மட்டுமே மாறிப் பொருளை முற்றிலும் வேறாக்குவதைக் குழந்தை தானே கண்டுகொள்ளும். (இதே குடும்பத்து ரிங், மோதிரத்தையும் மணி ஒலிப்பதையும் ஒருங்கே குறிப்பதைத் தவறாமல் சொல்லிக்கொடுங்கள்.) செய்யுளில் அடிகளின் இறுதி ஒன்றி வருவதை இயைபு என்று இலக்கணம் வகுத்த மொழி நம்முடையது என்பதால், இம்முறை நம் செவிக்குப் புதிதன்று.

புக், குக், ஹுக் ஆகியவையும் அப்படியே: புத்தகம், சமையல்காரர், கொக்கி.

ஆனால் எழுத்து ஒத்திருந்தால் ஒலியும் ஒத்திருக்கும் என்று மட்டும் கற்பித்துவிடக் கூடாது. உணவைக் குறிக்கும் ஃபூட், நல்ல என்னும் பொருள்தரும் குட், இரத்தத்தைக் குறிக்கும் ப்ளட் ஆகிய மூன்றும் எழுத்தில் ஒரே ஈறு உடையவை. ஒலியிலோ ஒன்று நெடில், ஒன்று குறில், மற்றொன்று அகரத்தை ஒட்டியது. அச்சுக்கலை பரவியபோது எழுத்துக்கூட்டல் பெருமளவு நிலைபெற்றுவிட, உச்சரிப்பு அதன் பின்னரும் மாறிக்கொண்டே வந்ததுதான் இதற்கு முதன்மையான காரணம். எனவே இத்தகைய சொற்களைக் காதால் கேட்கச் செய்த பிறகே கண்ணுக்குக் காட்டுங்கள்.