நான்கு முறை தோற்ற அப்டேட்டும் 112 என்ற எண்ணும்

குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாயும் நாட்களில் எங்கள் ஊரில் ராத்திரி வோல்டேஜ் ஒரு நிலையில் நிற்காது. திருவையாறு பக்கம், குடமுருட்டிக் கரை. சுற்றிலும் போர்செட் மோட்டார்கள் ஓடத் தொடங்கியதும் டியூப்லைட் மினுக்கும், யுபிஎஸ் டக் டக்கென்று அடித்துக்கொள்ளும். அப்படி ஒரு ராத்திரிதான், விண்டோஸ் அப்டேட் 61 சதவீதத்தில் இருக்கும்போது கணினி அணைந்துபோனது. திரும்பப் போட்டால், செய்த மாற்றங்களை எல்லாம் முக்கால் மணி நேரம் பின்வாங்கிவிட்டுப் பழைய இடத்திலேயே வந்து நின்றது.

யுபிஎஸ்ஸைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி, பக்கவாட்டில் உப்பிக் கிடந்தது. நாலு வருஷம் ஆயிற்று; இந்த வகைக்கு இரண்டு மூன்று வருஷமே அதிகம். புதிது போட்டேன். அடுத்த இரண்டு ராத்திரியும் கணினி அணையவில்லை, ஆனால் அப்டேட் ஏறவும் இல்லை.

டவுனில் ஒரு கடையில் கேட்டதற்கு, “கொண்டாங்க சார், ஃபார்மட் அடிச்சிடலாம்” என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்பாவின் ஐந்து வருஷக் கணக்கு அதில்தான் இருக்கிறது. நடவுக் கூலி, உரம், கொள்முதல் நிலையத்தில் போட்ட 40 கிலோ சிப்பங்கள் வரை எல்லாம். “பென்டிரைவ்ல ஒரு காப்பி எடுத்து வச்சிட்டு எதை வேணா செய்யிப்பா” என்றார் அப்பா. முதல் வேலையாக அதைச் செய்தேன்.

அப்புறம்தான் அப்டேட் வரலாற்றைத் திறந்து, தோற்ற வரிக்குப் பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்த்தேன். முன்னால் வரும் 0x என்பதை விட்டால் 80070070. இதை ஏதோ ரகசியக் குறி என்று பலரும் தாண்டிப் போய்விடுகிறோம். 8007 என்று தொடங்கினால், கடைசி நான்கு இலக்கம் விண்டோஸின் சாதாரணப் பிழை எண். ஆனால் அது பதினாறின் அடிமானத்தில் எழுதியது. 70 என்றால் ஏழு பதினாறு, 112. பிழை 112 என்றால் வட்டில் இடம் போதவில்லை, அவ்வளவுதான்!

சி டிரைவைப் பார்த்தேன். 120 ஜிபி எஸ்எஸ்டியில் காலி 5 ஜிபி. பழைய பதிப்பின் மிச்சமான விண்டோஸ்.ஓல்ட் கோப்புறையை டிஸ்க் கிளீனப் வழியாக நீக்கினேன். திறந்திருக்கும் வேலையை ஒரு கோப்பில் சேமித்துவிட்டுக் கணினியை அணைக்கும் ஹைபர்னேட் வசதியை நிறுத்தியதில் 3 ஜிபி கிடைத்தது. 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் அந்த ஒரு கோப்பு அவ்வளவு பிடிக்கும். கல்யாண வீடியோக்கள் டி டிரைவுக்குப் போயின. எல்லாம் சேர்ந்து 31 ஜிபி காலி.

நான்காவது முறையும் தோற்றது. ஆனால் இந்த முறை எண் வேறு: 80070002. பிழை 2 என்றால் தேடிய கோப்பைக் காணோம். கரண்ட் போன ராத்திரி அரைகுறையாக இறங்கியவற்றையே அது இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது. சர்வீசஸ் சாளரத்தில் விண்டோஸ் அப்டேட்டையும், பின்னணியில் கோப்புகளை இறக்கித் தரும் பிட்ஸையும் நிறுத்தினேன். விண்டோஸ் கோப்புறைக்குள் சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன், அதற்குள் டவுன்லோட். அதில் இருந்ததை மட்டும் அழித்துவிட்டு, இரண்டு சர்வீஸையும் திரும்ப ஓடவிட்டேன். விண்டோஸின் சொந்தக் கோப்புகள் கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் எஸ்எஃப்சி சோதனையும் ஒரு தடவை ஓட்டினேன், பழுது எதுவும் இல்லை.

மறுநாள் மோட்டார் ஓடாத மத்தியான நேரம் பார்த்து ஆரம்பித்தேன். 61 தாண்டும் வரை நாற்காலியை விட்டு எழவில்லை. இரண்டு முறை ரீஸ்டார்ட் ஆகி, மூன்றே காலுக்கு முகப்புத் திரை வந்தது. அப்பா கணக்கைத் திறந்து கடைசி வரியைச் சரிபார்த்தார். “சரியா இருக்குப்பா.”

மன்னார்குடியில் அக்கா வீட்டு லேப்டாப்பும் இதே மாதிரி நிற்கிறதாம். எண்ணை மட்டும் படித்துச் சொல்லச் சொன்னேன்: 80070005. ஐந்து என்றால் அனுமதி மறுப்பு. ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.