ஆலம்பாடி எருதுக்கு எலும்பு பூட்டிய நாட்கள்

ஜூன் 2, 2025, திங்கள். பென்னாகரம்.

எங்கள் நான்கு நிமிட அனிமேஷன் குறும்படத்திற்கு வேண்டிய இரண்டு விலங்குகளுள் எருதை இன்று பிளெண்டர் மென்பொருளில் உருவாக்கத் தொடங்கினேன். வற்றிய ஏரிக்கரையில் ஒரு கிழட்டு எருதும் வழிதவறி வந்த வெள்ளாட்டுக் குட்டியும் சேர்ந்து ஓர் இரவைக் கழிப்பதே கதை. எருது எங்கள் பகுதியின் ஆலம்பாடி இனமாகவே இருக்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். எண்ணிக்கை அருகிவரும் அவ்வினத்தைக் காப்பதற்கென்று காரிமங்கலத்தில் ஓர் ஆராய்ச்சி மையமே இயங்கும்போது, நம் ஊர்க் கதையில் திமிலில்லாத சீமை மாடு நடப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சாம்பல் உடல், நெற்றியிலும் கால்களிலும் வெள்ளைத் திட்டுகள், பின்னோக்கி எழுந்து வளையும் கொம்புகள் ஆகியவற்றை வரைந்து வைத்துக்கொண்டு, உடலின் ஒரு பாதியை மட்டும் வடித்து, மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பமாக மென்பொருளே அமைக்குமாறு விட்டிருக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்.

உடலின் மேற்பரப்பாக அமையும் கோடுகளின் வலையமைப்பு ஏறக்குறைய முடிந்தது. தோல் எங்கெல்லாம் மடியுமோ அங்கெல்லாம் கோடுகள் வளையமாகச் சுற்றி வரவேண்டும் என்பதால், தோள், தொடையிடுக்கு, கண், வாய் ஆகிய நான்கு இடங்களிலும் நாற்கர முகங்களை (நான்கு பக்கக் கட்டங்களை) மட்டுமே பயன்படுத்தினேன். கழுத்தின் கீழே தொங்கும் அலைதாடிக்கு இரண்டு நாள் பிடித்தது. அது நடைக்கு ஒரு கணம் பிந்தி ஆட வேண்டிய பகுதி என்பதால், அதற்கென்று, உருவத்தை அசைக்க உள்ளே பூட்டும் மென்பொருள் எலும்புகளின் தனித் தொடர் ஒன்றை வைக்கும் அளவுக்கு அங்கே கோடுகளை நெருக்கி வைத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு.

போச்சம்பள்ளிச் சந்தைக்குச் சென்று ஆட்டுக் குட்டிகளைப் படமெடுத்து வந்தேன். ஆட்டின் கண்மணி கிடைக்கோடாக நீண்டிருக்கும். தலையைத் தாழ்த்தி மேயும்போதும் அக்கோடு தரைக்கு இணையாகவே நிற்கும்படி விழிகள் ஏறத்தாழ 50 பாகை வரை சுழல்கின்றன என்பதை 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எனவே குட்டியின் தலை குனியும் அளவுக்கு விழி எதிர்த்திசையில் தானே சுழலுமாறு ஒரு டிரைவர் (ஒன்றின் அசைவைக் கொண்டு மற்றொன்றை இயக்கும் விதி) எழுதி வைத்தேன்.

ஜூன் 12, வியாழன்.

ரிக்கிங், அதாவது உருவத்துக்குள் எலும்புகளைப் பூட்டி அசைக்கத் தகுந்ததாக்கும் வேலை, தொடங்கியது. எருதின் பின்னங்காலில் பின்புறமாக மடிவதுபோல் தோன்றும் மூட்டு முழங்கால் அன்று. அது நம் குதிகாலுக்கு நிகரானது. உண்மையான முழங்கால் வயிற்றை ஒட்டி மேலே தோலுக்குள் இருக்கிறது; மாடு நடப்பதோ விரல் நுனிகளாகிய குளம்புகளின் மீது. இது தெரிந்திருந்தும், மனிதக் காலுக்குப் பழகிய கை இரண்டு எலும்புகளை மட்டுமே வைத்துவிட்டது. அவற்றை நீக்கிவிட்டு, தொடை, கணைக்கால், குதிகாலுக்குக் கீழுள்ள நீண்ட எலும்பு என மூன்றாகப் பிரித்து, குளம்பை இழுத்தால் முழங்காலும் குதிமூட்டும் ஒருசேர மடங்குமாறு ஐ.கே. (நுனியை நகர்த்தினால் மேல் மூட்டுகளின் மடிப்பைத் தானே கணக்கிடும் முறை) அமைத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு.

கிருஷ்ணகிரியில் இருந்தபடி அனிமேஷன் செய்யும் என் சித்தப்பா மகன் முதல் நடைச் சோதனையை அனுப்பியிருந்தான். பின் இடக்கால், முன் இடக்கால், பின் வலக்கால், முன் வலக்கால் என்று வரிசை சரியாகவே இருந்தது. ஆயினும், "அண்ணா, மேசைக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்குது" என்று அவனே எழுதியிருந்தான். காரணம் எனக்கும் விளங்காததால், பக்கத்து வீட்டுப் பெரியப்பாவின் எருதுக்குப் பின்னாலேயே மாலை முழுவதும் நடந்தேன். 1878-இல் புகைப்படக் கலைஞர் மைப்ரிட்ஜ் ஓடும் குதிரையைப் பிடிப்பதற்குப் பன்னிரண்டு கேமராக்களை வரிசையாக நிறுத்த வேண்டியிருந்தது. எனக்கு நொடிக்கு 60 சட்டம் (ஃபிரேம்) எடுக்கும் கைபேசி ஒன்றே போதுமானதாக இருந்தது.

படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது குறை புலப்பட்டது. மாட்டுக்குக் காறை எலும்பு (கழுத்துப்பட்டை எலும்பு) கிடையாது. முன்னங்கால் எலும்புக்கூட்டோடு மூட்டால் இணையாமல், மார்புக்கூடு இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு இடையே தசைகளால் தொட்டில்போலத் தாங்கப்படுகிறது. எந்தக் கால் பாரத்தை ஏற்கிறதோ அந்தப் பக்கத்துத் தோள்பட்டை எலும்பு மேலெழுந்து, திமிலின் அருகே தோலை உந்தி, கால் காற்றில் வரும்போது மீண்டும் தாழ்கிறது. நானோ தோள்பட்டையை முதுகெலும்போடு அசையாமல் பூட்டியிருந்தேன். இரவே அதைத் தனி எலும்பாக்கி, குளம்பு முன்னே செல்லும் தூரத்துக்கேற்பச் சுழலவும் பாரம் விழும்போது மேலே வழுக்கவும் விட்டேன். அதன்மேல் தோலின் வெயிட்டை (எலும்பு அசையும்போது தோல் எவ்வளவு உடன் நகரும் என்னும் அளவை) மிக மென்மையாகப் பரப்பி, மடிப்பு நசுங்கிய இடத்துக்குத் திருத்த வடிவம் ஒன்றும் சேர்த்த பிறகு அந்த உடலில் எடை தெரிந்தது. விடியும் வரை அந்த எட்டு அடி நடையையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்.

நாள் முழுவதும் வெயிட் பெயின்டிங், அதாவது அந்த வெயிட் அளவுகளை உடல்மேல் தீட்டும் வேலை. அலைதாடியின் சில புள்ளிகள் முன்னங்காலோடு ஒட்டி இழுபட்டன; திருத்திவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு.

விடியற்காலையில் எருது எழும் காட்சியே படத்தின் உயிர் என்று கருதுகிறேன். குதிரை முன்னங்கால்களை ஊன்றி முதலில் முன்னுடலைத் தூக்கும். மாடோ முன்னங்காலின் மடிப்பில் ஊன்றி நின்று, முதலில் பின்னுடலைத் தூக்கும். இதற்காக இடுப்புக்கும் மார்புக்கும் தனித்தனிக் கட்டுப்பாடுகள் வைத்து, குளம்புக்குப் பதிலாக முன்னங்கால் மடிப்பே தரையில் ஊன்றுவதற்கு மாற்று வழியும் ஏற்படுத்தினேன். சோதனையைப் பெரியப்பாவிடம் காட்டினேன். இரண்டு முறை உன்னிப்பாகப் பார்த்தவர், "தலைய முன்னாடி நீட்டிக் கீழ எறக்காம மாடு எப்பிடிக் கண்ணு பின்னத்தங் கால ஊனி எந்திரிக்கும்?" என்று கேட்டார். உடனே தொழுவத்துக்கு அழைத்துச் சென்று, படுத்திருந்த எருதைத் தட்டி எழுப்பியும் காட்டினார். கழுத்தை முன்னே வீசித்தான் அது பின்பாரத்தைக் குறைத்துக்கொள்கிறது. என் ரிக்கில் கழுத்து அவ்வளவு தூரம் நீளாது; நாளை காலை கழுத்தெலும்புகளைப் பிரித்து மறுபடியும் பூட்ட வேண்டும்.