தூரத்தைக் குறைத்தால் கை தானே திருந்தும்

உடற்கல்வி வகுப்பில் கூடைப்பந்தைக் கையில் கொடுத்ததும் பெரும்பாலான மாணவர்கள் வளையத்திலிருந்து எட்டிப்போய் நின்று, உடம்பின் வலுவையெல்லாம் திரட்டிப் பந்தை வீசிப் பார்க்கிறார்கள். பந்து வளையத்தைத் தொடுவதுகூட இல்லை. அடுத்த முறை இன்னும் பலமாக வீசுகிறார்கள். இடுப்பருகிலிருந்து இரு கைகளாலும் பந்தைத் தூக்கி எறிவது, முழங்கை பக்கவாட்டில் விரிவது, முதுகு பின்னால் வளைவது, எறிந்த வேகத்தில் கால்கள் முன்னால் தாவுவது எனப் பயிற்சிக் கையேடுகள் பட்டியலிடும் பிழைகள் எல்லாம் அந்த இரண்டு நிமிடங்களுக்குள் தோன்றிவிடுகின்றன. இவற்றை அறியாமையால் வரும் பிழைகளாக நான் பார்ப்பதில்லை. எட்டாத தூரத்துக்குக் கனமான பொருள் ஒன்றை அனுப்ப வேண்டிய உடல், தன்னிடம் உள்ள வலுவுக்கு ஏற்பக் கண்டுபிடித்துக்கொண்ட வழிகள் அவை. ஆகவே "முழங்கையை உள்ளே வை" என்று பத்து முறை சொல்வதைவிட, அந்த மாணவரை இரண்டு மீட்டர் முன்னால் அழைத்து நிறுத்துவது அதிகப் பயன் தரும் என்பதே பல ஆண்டுகளாகக் கற்பித்ததில் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு.

வளையத்தின் உயரம் 3.05 மீட்டர் என்பது மாற்ற முடியாத விதிபோல நம் மனத்தில் பதிந்திருக்கிறது. 1891ஆம் ஆண்டு உடற்கல்வி ஆசிரியர் ஜேம்ஸ் நைஸ்மித் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் தம் வகுப்புக்காக இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது, பீச் பழக்கூடைகளை உடற்பயிற்சிக் கூடத்து மாடத்தின் கைப்பிடியில் மாட்டச் செய்தார். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து ஏறத்தாழ பத்தடி உயரத்தில் இருந்தது. அதுவே உலகின் அளவாக நிலைத்துவிட்டது. அவருடைய மாணவர்களோ வளர்ந்த ஆண்கள். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கான மினி கூடைப்பந்தில் வளையம் 2.60 மீட்டர் உயரத்தில் இருக்கும். தடுப்பார் யாருமின்றி ஒருவர் நின்று எறியும் தனி எறிவுக் கோடு, வளையத்துக்குப் பின்னால் உள்ள பலகையிலிருந்து 4 மீட்டர் தூரத்தில் இருக்கும். பந்தும் 5ஆம் எண் அளவில், அரைக் கிலோவுக்கு மிகாத எடையில் இருக்கும். வளர்ந்த ஆண்கள் ஆடும் 7ஆம் எண் பந்தின் எடை ஏறத்தாழ 600 கிராம். சின்னஞ்சிறு கைகளுக்கு இந்த எடை வேறுபாடு மிகப் பெரியது. வளையத்தை இறக்க வசதியில்லாத மைதானத்திலும் பந்தின் அளவைக் குறைக்க முடியும், நிற்கும் இடத்தை அருகே கொண்டுவர முடியும். ஆறாம் வகுப்பு மாணவருக்கு 7ஆம் எண் பந்தைக் கொடுத்து, 4.6 மீட்டர் தூரத்தில் இருக்கும் தனி எறிவுக் கோட்டில் நிறுத்தி, எத்தனை பந்து விழுகிறது என்று எண்ணும் முறையை நான் ஏற்பதில்லை.

முதல் பாடவேளையில் வளையமே தேவையில்லை. மைதானத்தில் போட்டிருக்கும் ஏதேனும் ஒரு கோட்டின் மேல் இருவர் இருவராக, மூன்று மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கட்டும். ஒருவர் பந்தை உயரமாக எறிய, அது இருவருக்கும் நடுவே, கோட்டின் மேலேயே தரையில் விழ வேண்டும். பந்து இடமோ வலமோ விலகினால் கோடே அதைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆசிரியர் வாய் திறக்க வேண்டியதில்லை. இங்கே இலக்கைத் தவறவிடும் வெட்கம் இல்லாததால், கையின் அமைப்பில் கவனம் செலுத்த மாணவர்களுக்கு மனம் வருகிறது. பந்து விரல்களின் சதைப்பகுதியில் அமர்ந்திருக்க வேண்டும். உள்ளங்கையின் நடுவில் சிறு இடைவெளி தெரிய வேண்டும். முழங்கை பந்துக்குக் கீழே வர வேண்டும். மணிக்கட்டு பின்னால் மடங்கி, அதன் மேல்தோலில் சுருக்கம் விழுந்திருக்க வேண்டும். மற்றொரு கை பந்தின் பக்கவாட்டில் தாங்கி நிற்பதோடு சரி. அது எறியும் வேலையில் சேரக் கூடாது. தொடக்கநிலையினரிடம் நான் மிக அதிகமாகக் காணும் குறை, அந்தத் தாங்கும் கையின் கட்டைவிரல் கடைசி நொடியில் பந்தைத் தள்ளிவிடுவதுதான். அப்படித் தள்ளினால் பந்து பக்கவாட்டில் சுழலும். இதற்கு விளக்கம் சொல்லிப் பயனில்லை. சிறிய பந்து ஒன்றைக் கொடுத்து, சிறிது நேரம் ஒற்றைக் கையால் மட்டும் எறியச் சொன்னால் போதும்.

விரல்கள் கடைசியாகப் பந்தை விடும்போது அது பின்னோக்கிச் சுழல வேண்டும். பின்சுழற்சியுடன் வரும் பந்து வளையத்திலோ பலகையிலோ மோதும்போது அதன் முன்வேகம் குறைந்துவிடுவதால், விலகித் தெறிக்க வேண்டிய பந்தும் சில வேளைகளில் உள்ளே இறங்கிவிடுகிறது. பந்தின் மீதுள்ள கருப்புக் கோடுகளைப் பார்த்தாலே சுழற்சி நேராக இருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்பது தெரியும். இதை மாணவர்களே ஒருவருக்கொருவர் பார்த்துச் சொல்லலாம். எறிந்து முடித்த கையைப் பந்து வளையத்தைச் சேரும்வரை மேலேயே நிறுத்திவைக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. பந்து விரலை விட்ட பிறகு கையின் நிலை அதன் பாதையை மாற்றப் போவதில்லை என்றாலும், கை அப்படி நிற்க வேண்டும் என்று தெரிந்தால் எறிவின் இறுதிப் பகுதி இடையில் அறுபடாமல் முழுமையடைகிறது.

கால்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஷூட்டிங் என்றால் கையின் வேலை என்றே மாணவர்கள் நினைக்கிறார்கள். முழங்கால் மடங்கி நிமிரும்போது பிறக்கும் வலு இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று தடையில்லாமல் ஏறிப் பந்தைச் சேர வேண்டும். கால் நிமிர்ந்து முடிந்து, உடல் ஒரு கணம் நின்று, அதன் பிறகு கை தனியாகத் தள்ளினால் அந்த வலு வீணாகிவிடும். மாணவர் தோளால் உந்தத் தொடங்கிவிடுவார். பந்து மார்புக்கருகிலிருந்து மேலே எழும் அதே நேரத்தில் முழங்காலும் நிமிர்கிறதா என்பதைத்தான் நான் முதலில் கவனிப்பேன். பாதங்கள் தோள் அகலத்தில் இருந்து, எறியும் கையின் பக்கத்துப் பாதம் சற்றே முன்னால் இருந்தால் பெரும்பாலோருக்கு அது வசதியாக அமைகிறது. பாதங்கள் மிகச் சரியாக வளையத்தை நோக்கியே இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதில்லை. சற்றுத் திரும்பி நின்றால் தோள் இறுக்கம் தளர்ந்து முழங்கை நேராக வரும் மாணவர்களும் உண்டு.

அடுத்தது பந்தின் வளைவு. இந்த இடத்தில் கணக்கு ஆசிரியரின் துணை இருந்தால் வகுப்பு இன்னும் சிறக்கும். வளையத்தின் உள்விட்டம் 45 செ.மீ.; 7ஆம் எண் பந்தின் விட்டம் ஏறத்தாழ 24 செ.மீ. நேர்மேலிருந்து விழும் பந்துக்கு அந்த 45 செ.மீ. முழுவதும் திறந்திருக்கிறது. தரைமட்டத்துக்கு 45 பாகைச் சாய்வில் வரும் பந்துக்கு அதே வளையம் 32 செ.மீ. அகலமுள்ள நீள்வட்டமாகக் குறுகிவிடுகிறது. 30 பாகையில் வரும் பந்துக்குக் கிடைப்பது வெறும் 22.5 செ.மீ.தான், பந்து அதைவிடப் பெரியது என்பதால் விளிம்பில் படாமல் நேராக உள்ளே நுழையவே முடியாது. இதைக் கரும்பலகையில் ஒரு முறை வரைந்து காட்டிவிட்டால், "உயரமாக எறி" என்ற சொல்லுக்குப் பின்னால் உள்ள நியாயம் மாணவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. ஆனால் உயரமாக எறிய வலு வேண்டும். தொலைவில் நிற்கும் சிறுவர் தட்டையாக எறிவதற்குக் காரணம் அந்த வலு போதாமைதான். ஒன்றரை மீட்டரில் நின்றால் அதே சிறுவர் பந்தை வளையத்துக்கு மேலே நன்றாக எழுப்பி இறக்கிவிடுகிறார். ஆகவே வளைவு கெடாத தூரம் எதுவோ அதுவே அன்றைக்கு அந்த மாணவருக்கு உரிய தூரம் என்று வைத்துக்கொள்கிறேன். எறிவின் வடிவம் நிலைத்த பிறகு ஓரடி பின்னால் போகலாம். குலைந்தால் மீண்டும் முன்னால் வர வேண்டும்.

என்ன சொல்லித் திருத்துவது என்பதிலும் கவனம் தேவை. 2005ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் சாக்ரி, கேப்ரியேல் உல்ஃப் முதலானோர் தனி எறிவைச் சோதித்தார்கள். மணிக்கட்டின் அசைவில் கவனம் வைத்து எறிந்தபோது கிடைத்ததைவிட, வளையத்தில் கவனம் வைத்து எறிந்தபோது துல்லியம் கூடியிருந்தது. கைத் தசைகளின் மின்செயல்பாடும் குறைந்திருந்தது, அதாவது குறைந்த முயற்சியிலேயே வேலை நடந்திருந்தது. ஜோன் விக்கர்ஸ் 1996இல் வெளியிட்ட ஆய்வு, தேர்ந்த வீரர்கள் எறிவைத் தொடங்கும் முன் வளையத்தின் மீது பார்வையை நீண்ட நேரம் அசையாமல் நிறுத்துகிறார்கள் என்று காட்டியது. ஆகையால் கையமைப்பை வளையமில்லாத பயிற்சியில் பேசி முடித்துவிட்டு, வளையத்தின் முன் வந்ததும் "பின்விளிம்புக்கு மேலாகப் பந்தை இறக்கு", "பார்வையை அங்கேயே வை" என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். ஓர் எறிவுக்கு ஐந்து திருத்தங்களைச் சொன்னால் மாணவருக்கு எதுவுமே நினைவில் நிற்காது.

பலகையை வைத்து எறிவதைத் தொடக்கத்திலேயே கற்றுக்கொடுக்கலாம். வளையத்துக்குப் பக்கவாட்டில் ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் நிற்பவர், பலகையில் வரைந்துள்ள 59க்கு 45 செ.மீ. செவ்வகத்தின் தன் பக்கத்து மேல்மூலையைக் குறிவைத்தால், பந்து மோதி உள்ளே இறங்கும். ஓடிவந்து வளையத்தருகே எழும்பிப் பந்தை இடும் லே-அப் தனிப் பாடம். காலடித் தாளத்தைக் கற்பிக்கவே அதற்கு இரண்டு பாடவேளைகள் தேவைப்படும்.

வகுப்பு ஒழுங்கமைப்பே இறுதியில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நாற்பது மாணவர்கள் இரண்டு வளையங்களின் முன் வரிசையில் நின்று, ஒவ்வொருவரும் எறிய பத்து வினாடி எடுத்துக்கொண்டால், ஒரு மாணவருக்கு அடுத்த வாய்ப்பு வர மூன்று நிமிடங்களுக்கு மேலாகும். அரை மணி நேரத்தில் அவர் ஒன்பது முறை மட்டுமே எறிந்திருப்பார். அதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் கற்றுவிட முடியாது. வளையத்தில் சிலர், சுவரில் சுண்ணக்கட்டியால் வரைந்த குறிகளில் சிலர், கோட்டின் மேல் இருவர் இருவராக எறிவோர் சிலர் என்று பிரித்துச் சுழற்றினால் எறிவுகளின் எண்ணிக்கை பல மடங்காகிறது. வளையத்தருகே உள்ள குழுவினரும் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. ராபர்ட் கெர், பெர்னார்ட் பூத் ஆகியோர் 1978இல் வெளியிட்ட சோதனையில், எட்டு வயதுக் குழந்தைகளில் ஒரு பகுதியினர் மூன்றடித் தூரத்து இலக்கிலேயே சிறு பைகளை எறிந்து பழகினர். மற்றவர்கள் இரண்டடியிலும் நான்கடியிலும் மட்டும் பழகினர். முடிவில் மூன்றடி இலக்கில் சோதித்தபோது, அந்தத் தூரத்தில் பழகியே இராத இரண்டாம் குழுவினர்தான் சிறப்பாக எறிந்தார்கள். எனவே ஒவ்வொரு எறிவுக்கும் இடத்தைச் சிறிது மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன். அன்றைய பயிற்சியில் விழும் பந்துகள் சற்றுக் குறையலாம். அதற்காக மாணவரும் ஆசிரியரும் கலங்க வேண்டியதில்லை.

மதிப்பெண் வழங்கும்போது இத்தனை உழைப்பையும் ஒரே நாளில் கெடுத்துவிட முடியும். தனி எறிவுக் கோட்டிலிருந்து பத்துக்கு எத்தனை விழுந்தது என்று எழுதிக்கொண்டால், ஏற்கெனவே உயரமும் வலுவும் உள்ளவர்கள் மதிப்பெண் பெறுவார்கள்; மற்றவர்கள் தேர்வு நாளுக்கு முன்பே பழைய தூக்கி எறிதலுக்குத் திரும்பிவிடுவார்கள். நான் மாணவர்களைத் தாங்களே தேர்ந்தெடுத்த தூரத்தில் நிற்கவைத்து, முழங்காலும் பந்தும் சேர்ந்து எழுகின்றனவா, வளைவு இருக்கிறதா, பின்சுழற்சி நேராக இருக்கிறதா, எறிந்த கை மேலே நிற்கிறதா என்ற நான்கையும் பார்த்துப் பெரும்பகுதி மதிப்பெண்ணை அளிக்கிறேன். எஞ்சியது விழுந்த பந்துகளுக்கு. பருவத் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் எந்தத் தூரத்தில் வடிவம் கெடாமல் எறிந்தார்கள் என்பதைப் பெயருக்கு எதிரே குறித்துவைத்து, பருவ இறுதியில் எட்டிய தூரத்தை அதன் பக்கத்திலேயே எழுதுகிறேன். ஒன்றரை மீட்டரில் தொடங்கி இரண்டரை மீட்டருக்கு நகர்ந்த மாணவரின் வளர்ச்சி அந்த ஏட்டில் முழுமையாகத் தெரிகிறது; பெற்றோரிடம் பேசும்போது நான் எடுத்துக் காட்டுவதும் அந்தப் பக்கத்தைத்தான்.