அம்மம்மா கேட்ட சுனைத் தண்ணீர்

ஜூன் 22, களுவாஞ்சிக்குடி

அம்மம்மாவுக்கு இந்த வருசம் கதிர்காமப் பாதயாத்திரை நடக்க ஏலாது. முழங்கால். கடலோரத்து உகந்தை முருகன் கோயிலிலிருந்து காட்டுப் பாதையால் 11 முறை கதிர்காமம் போனவர். குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை என்று தங்குமிடங்களைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, போகிற ஆட்களுக்கு அரிசி பொதி கட்டிக் கொடுக்கிறார்.

என்னிடம் கேட்டது ஒன்றுதான். "மகன், நீ உகந்தை மட்டும் போயிட்டு வா. வள்ளியம்மன் மலைச் சுனைத் தண்ணி ஒரு போத்தல் காணும்."

பழைய நெல்லி கிரஷ் போத்தல் ஒன்றைக் கழுவி வைத்திருந்தார்.

ஜூன் 24, பாணமை

பொத்துவில் வரை பஸ், அப்புறம் ஓட்டோ. இரவு இங்கே தங்கல்.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடற்பக்கத்து எழுவான்கரைக்காரனுக்கு மலை தூரத்துச் சங்கதி. தாந்தாமலை, குடும்பிமலை எல்லாம் வாவிக்கு அங்கால, மேற்கே படுவான்கரையில். எங்கள் பக்கம் தென்னைதான் உயரம். அதனால் சிவனொளிபாதமலை ஏறிவிட்டு வந்து ஊரெல்லாம் பெருமையடித்தேன். 2243 மீற்றர், உச்சியில் ஒரே பாதம். பௌத்தருக்குப் புத்தர், நமக்குச் சிவன், முஸ்லிம்களுக்கு ஆதம் நபி. அம்மம்மா வெற்றிலையை மடித்தபடி கேட்டார்: "அங்க தண்ணி இருக்காடா?"

அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

ஜூன் 25, உகந்தை

கிரவல் ரோட்டுப் புழுதி இன்னும் தலையில். முருகனும் வள்ளியும் கல்லோடத்தில் வந்திறங்கிய இடம் இது என்பார்கள். கடற்கரையில் அந்தக் கல்லைக் காட்டினார்கள். எனக்கு அது பாறையாகத்தான் தெரிந்தது. சரி, கண் பழக வேண்டும்.

முருகன் மலையடியில். மேலே, மொட்டைப் பாறையில் வள்ளி. தேவசேனாபதி கீழே இருக்க, தினைப்புனம் காத்த வேடுவப் பெண்ணுக்கு உச்சி! இந்த ஒழுங்கு எனக்குப் பிடித்துவிட்டது.

மத்தியானம் ஏறியது மடத்தனம். வெறுங்காலில் பாறை தோசைக்கல்லாய்ச் சுட்டது. கச்சான் காற்று வேறு, சுற்றுக் காடெல்லாம் காய்ந்து பழுப்பேறிக் கிடந்தது. துள்ளித் துள்ளிப் போய்ச் சுனையோரம் குந்தினேன். மேலே வெதுவெதுப்பு, முழங்கை வரை கையை விட்டால் கூதல். ஓரத்தில் ஒரு தவளை, தலையை மட்டும் நீட்டி, கோயில் தர்மகர்த்தா மாதிரி என்னைப் பார்த்தது. இந்தக் கோடையில், இந்தக் கல்லின் வயிற்றில் தண்ணீர். காட்டுக்குள் நடக்கப் போகிறவனுக்கு இதைவிட வேறு என்ன அருள் வேண்டும்?

கீழே "அரோகரா" என்று ஒரு கூட்டம் வேலோடு காட்டுக்குள் இறங்கியது. மரங்கள் மறைக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 26, வீடு

பஸ்ஸில் போத்தல் மூடி கசிந்து அரைவாசி என் பையில். பயந்து பயந்துதான் நீட்டினேன். அம்மம்மா முகர்ந்து பார்த்தார்.

"தவளை இருந்திச்சா?"

"ஓம்."

"அப்ப அந்தச் சுனைதான்" என்று போத்தலைச் சாமியறைக்குக் கொண்டுபோனார்.